காசு அபராதமும் காதோடு கேள்வியும்: முத்துக்குளித்துறையில் பாவசங்கீர்த்தனக் கையேடு

1544-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முத்துக்குளித்துறையில் தம்மோடு உழைத்த பிரான்சிஸ்கு மன்சிலாசு என்பவருக்குப் புனித சவேரியார் எழுதிய கடிதம் ஒன்றில் சாராயம் பற்றிய கட்டளை வருகிறது. சாராயம் குடிக்கும் பெண்ணைப் பிடித்துத் தரும் காவலனுக்குத் தலைக்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும். பிடிபட்டவளை மூன்று நாள் அடைத்து வைக்க வேண்டும். இனிப் புன்னைக்காயலில் யாரும் குடிக்கக் கண்டால் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள்தாம் பதில் சொல்ல வேண்டும் என்று ஊரறிய அறிவிக்கவும் வேண்டும். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1580-இல், அன்றீக்கு அடிகளார் எழுதிய 'கொம்பெசியொனாயரு' என்ற தமிழ் நூல் கொச்சியில் அச்சாகிறது. பாவத்தை எப்படி நினைவுகூர்வது, எப்படி வருந்துவது, குருவின் காதில் எப்படிச் சொல்வது என்று கற்பிக்கும் கையேடு அது. கரையும் மக்களும் மாறவில்லை, சபையும் அதே சேசு சபைதான். மாறியது கருவி: ஊர்க்காவலனும் சிறையும் இருந்த இடத்துக்குக் கேள்வி வந்து சேர்ந்தது. தமிழ்க் கத்தோலிக்க வழக்கில், பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் குரு விதிக்கும் பரிகாரத்துக்கு 'அபராதம்' என்றே பெயர். ஊர்க்கூட்டம் விதிக்கும் தண்டக்காசுக்கும் அதே பெயர்தான். ஒரே சொல் இரண்டு வேலை செய்வது தற்செயலாகத் தோன்றவில்லை. காலனிய காலத்து மறைப்பணியில் பாவசங்கீர்த்தனக் கையேடுகள் என்ன செய்தன என்ற பெரிய கேள்விக்கு, இந்த இரண்டு அபராதங்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்துதான் விடை காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கையேட்டின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், புத்தி விவரம் அறிந்த ஒவ்வொரு கிறித்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கோடிக்கணக்கானோர் பேச வேண்டுமென்றால், ஆயிரக்கணக்கான குருக்களுக்குக் கேட்கத் தெரிய வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் கையேடு என்ற நூல்வகை பிறந்தது. 1551-இல் திரெந்து சங்கம் இன்னும் ஒரு படி இறுக்கியது: சாவான பாவங்களை அவற்றின் வகையும் எண்ணிக்கையும் பிசகாமல் சொல்ல வேண்டும். பொதுவாகப் 'பாவி நான்' என்று நெஞ்சில் அடித்துக்கொள்வது போதாது. எதை, எத்தனை தரம் என்ற கணக்கு வேண்டும். கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் கற்பித்த மார்த்தீன் தே அஸ்பில்குவேத்தாவின் போர்த்துக்கேயக் கையேடு 1549-இல் வெளிவந்து, பிற மொழிகளுக்கும் பரவியது. கப்பல் போன இடமெல்லாம் இந்த நூல்வகையும் போனது. மெக்சிகோவில் அலோன்சோ தே மோலினா நாவாத்தில் மொழியில் 1565-இல் அச்சிட்டார். மூன்றாம் லீமா சங்கத்தின் ஆணைப்படி கெச்சுவா, ஐமாரா மொழிகளில் 1585-இல் ஒன்று அச்சானது. இந்த வரிசையில் தமிழ் நூல் நடுவே வருகிறது, மோலினாவுக்குப் பதினைந்து ஆண்டு பிந்தி, லீமாவுக்கு ஐந்து ஆண்டு முந்தி. உலகம் தழுவிய ஒரு திட்டத்தின் துண்டாகவே அதை முதலில் பார்க்க வேண்டும்.

அந்தத் திட்டத்தைப் பற்றி ஆய்வாளர்கள் சொல்லும் கதை கடந்த ஐம்பது ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே தடத்தில் ஓடுகிறது. பாலியலின் வரலாறு பற்றி 1976-இல் எழுதிய மிஷெல் ஃபூக்கோ, மனிதனைத் தன்னைப் பற்றியே பேசவைப்பதை ஓர் அதிகார உத்தியாகக் காட்டினார். மெக்சிகோவை ஆராய்ந்த செர்ஜ் க்ருசின்ஸ்கி, இனக்குழுவோடு ஒட்டி வாழ்ந்தவனைத் தனித்தனி 'நான்' ஆகப் பிரித்தெடுத்த கருவியாகப் பாவசங்கீர்த்தனத்தைக் கண்டார். பிலிப்பீன்சைப் பற்றி 1988-இல் எழுதிய விசென்தே ரஃபாயேல் சற்று விலகி, மொழிபெயர்ப்பின் இடுக்குகளில் தகாலோக் மக்கள் நழுவிப்போனதைக் கவனித்தார். மூவருமே கூர்மையானவர்கள். ஆனால் பெரும்பாலான எழுத்தில் கேட்பவர் கை ஓங்கியும் சொல்பவர் கை தாழ்ந்தும் இருப்பது தொடக்கத்திலேயே முடிவான செய்தி. முத்துக்குளித்துறைச் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் அந்த முடிவு அவ்வளவு எளிதாக நிற்பதில்லை.

இக்கரையில் முத்துக்குளித்து வாழ்ந்த பரதவர்கள் கிறித்தவரானது பிரசங்கம் கேட்டு அல்ல. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக எழுந்த மோதலில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைத் தேடி, 1535 முதல் 1537-க்குள் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். சுமார் 20,000 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சாதித் தலைமை எடுத்த அரசியல் முடிவு அது. தனிமனித மனமாற்றம் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. 1542-இல் வந்த சவேரியார் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, மணியடித்துக் கூட்டம் கூட்டி, ஓதவைத்தார். போர்த்துக்கேய அரசியின் மிதியடிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டு வாங்கி, ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை உபதேசியார்களாக அமர்த்தினார். (அரண்மனையின் கால் சுகத்துக்கு முத்துக்கரை கட்டிய வரி, கரைக்கே திரும்பி வந்த அபூர்வமான சந்தர்ப்பம்.) ஆனால் ஓதவைக்கலாம், கேட்க முடியாது. 1544 ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில் அவரே புலம்புகிறார்: மொழிபெயர்ப்பவர் இல்லை, அவர்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை, நான் சொல்வது அவர்களுக்கும் புரியவில்லை, குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத்தான் துபாசி வேண்டியதில்லை என்கிறார். அப்படிப்பட்ட நிலையில் ஒழுக்கத்தை நிலைநாட்டக் கையில் இருந்த ஒரே வழி, வெளியே தெரியும் குற்றத்துக்கு வெளியே தெரியும் தண்டனைதான். சாராயத்துக்குச் சிறை விதித்த கட்டளையைச் சவேரியாரின் குணம் என்பதைவிட அவருடைய மொழியின்மை என்று படிப்பதே பொருத்தம்.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர் என்றிக்கே என்றிக்கசு. தமிழில் தம்மை அண்டிறிக்கு என்று எழுதிக்கொண்டவர், பின்னாளில் அன்றீக்கு அடிகளார் ஆனவர். போர்த்துக்கல்லின் வீலா விசோசாவில் 1520-இல் பிறந்தார். யூத வழி வந்த குடும்பம் என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக நேர்ந்தது. சேசு சபை ஏற்றுக்கொண்டது. 1547-இல் இந்தக் கரைக்கு வந்தவர் 1600-இல் இறக்கும் வரை தமிழோடேயே வாழ்ந்தார். துபாசி நடுவில் நின்று பாவம் கேட்பதைத் திருச்சபைச் சட்டம் அனுமதித்தது; ஆனால் அப்படிச் சொல்லியே ஆக வேண்டுமென்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நியாயம்தானே? முந்நூறு வீடுள்ள கடற்கரை ஊரில், நாளை அதே வள்ளத்தில் துடுப்புப் போடப்போகிறவன் முன்னால் எவன் வாய் திறப்பான்? ஆகவே குருவே தமிழ் கேட்டாக வேண்டும். தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய மிகப் பழைய இலக்கணம் அன்றீக்கு அடிகளாருடையது. பிரசங்கத்துக்கு மனப்பாடம் போதும், மன்றாட்டுக்கு இன்னும் குறைவாகப் போதும். 'செய்தேன்', 'செய்ய நினைத்தேன்', 'செய்யவிடாமல் தடுக்கவில்லை' என்ற மூன்றும் மூன்று வேறு பாவங்கள் என்று பிரித்தறிய வினைமுற்றும் எச்சமும் எதிர்மறையும் தெரிந்தாக வேண்டும். பாவசங்கீர்த்தனம்தான் ஐரோப்பியக் குருவை இலக்கணத்துக்குள் தள்ளியது.

அச்சுப் பட்டியலும் இதையே சொல்கிறது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', வெறும் 16 பக்கம். 1579-இல் கொச்சியில், மார்கோசு ஜோர்ஜின் வினாவிடையைத் தழுவிய 'கிரீசித்தியானி வணக்கம்'. அதற்கு அடுத்த ஆண்டே கையேடு. அடியார் வரலாறு சொல்லும் 'புளோசு சாங்தோரும்' 1586-இல்தான். அதாவது, மனப்பாடத்துக்கு ஒன்று, விளக்கத்துக்கு ஒன்று அச்சிட்ட கையோடு, கதைக்கு முன்னால் கேள்வி வருகிறது. இந்த அச்சு முயற்சிக்கு முத்துக்குளித்துறை மக்கள் 400 போர்த்துக்கேயக் குருசாது கொடையளித்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. தன்னைக் கண்காணிக்கப்போகும் கருவிக்குத் தானே காசு கொடுத்த மக்கள் என்று இதைக் கேலியாகவும் படிக்கலாம். வேண்டியதை வாங்கினார்கள் என்றும் படிக்கலாம். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் நெருக்கியதையும், கேட்கக் குருக்கள் போதாததையும் அக்காலச் சேசு சபைக் கடிதங்கள் திரும்பத் திரும்பப் பேசுகின்றன. அறுவடையைப் பெரிதாகக் காட்டுவது மறைப்பணியாளர் கடிதங்களின் இயல்பு என்பதைக் கழித்துக்கொண்டாலும் மிச்சம் ஏதோ இருக்கிறது.

நூலின் தலைப்பு போர்த்துக்கேயச் சொல். அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்தார் அன்றீக்கு. அருள், திருவருட்சாதனம் போன்ற கருத்துகளுக்கும் அவர் பெரும்பாலும் போர்த்துக்கேயச் சொற்களையே தமிழாக ஒலிக்கவிட்டார். உள்ளூர்ச் சொல்லைத் தொட்டால் உள்ளூர்ச் சமயப் பொருள் ஒட்டிக்கொண்டு வரும் என்ற அச்சம் அதில் தெரிகிறது. ஆனால் அந்தச் சொற்களைச் சூழ்ந்த வாக்கியம் முழுக்கக் கடற்கரைத் தமிழ். இந்தக் காலத்து உரையாடல் நூல்களை ஆராய்ந்த ஈனேசு ஜுப்பானோவ், அவற்றை ஒரு நாடகப் பிரதியாகப் பார்க்கிறார்: குருவுக்கும் வசனம் உண்டு, பாவம் சொல்பவருக்கும் வசனம் உண்டு, இருவரும் ஒத்திகை பார்க்கிறார்கள். அது நல்ல பார்வை. அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தமிழில் 'நான்' என்று தன் குற்றத்தைச் சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. தேவார திருவாசகங்களில் அடியவர் தம்மை இழித்துக்கொள்ளாத பக்கம் குறைவு. ஆனால் அது இறைவன் முன் பாடுவது. எண்ணிக்கையோடும் நாளோடும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனிடம் உரைநடையில் சொல்வது வேறு. அந்த இரண்டாவது வகைப் பேச்சுக்கு அச்சில் கிடைத்த முதல் தமிழ் மாதிரி இந்தக் கையேடு. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவைக் கொண்டாடும் அளவுக்கு இதைக் கவனிக்காதது, பொருள் சமயமாக இருந்ததாலும் பிரதி கைக்கெட்டாத தொலைவில், ஆக்சுபோர்டின் போட்லியன் நூலகத்தில் கிடந்ததாலும்தான்.

அதிகாரக் கருவி என்ற வாதத்துக்கு இப்போது வரலாம். மறைப்பணி போர்த்துக்கேயப் பீரங்கியின் நிழலில் நடந்தது. 1560-இல் கோவாவில் விசாரணை மன்றம் அமைந்தது. இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனாலும் அந்தக் கேள்விகள் ஒரே திசையில் மட்டும் பாயவில்லை. லாஸ் காசாஸ் எழுதி 1552-இல் அச்சான கையேடு, செவ்விந்தியரிடம் பறித்ததைத் திருப்பிக் கொடுக்காத ஸ்பானியருக்கு மன்னிப்பே கொடுக்கக் கூடாது என்றது. அதன் கைப்பிரதிகளை ஏற்கெனவே அரசு பறிமுதல் செய்ய ஆணையிட்டிருந்தது. வெற்று மிரட்டலுக்கு யாரும் அப்படிப் பதறுவதில்லை. சவேரியாரும் 1549-இல் ஓர்முசுக்குப் போன பார்சேயுசுக்கு எழுதிய அறிவுரையில், அதிகாரிகளிடம் 'ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டுமா' என்று பொதுவாகக் கேட்டால் இல்லையென்றே சொல்வார்கள், எந்த வியாபாரம், சம்பளம் எவ்வளவு, எப்படிப் பணம் பெருகியது என்று துருவிக் கேளும் என்கிறார். தூத்துக்குடிக்கே நேரடிச் சான்றும் உண்டு. இக்கரையின் தளபதியாக இருந்த கொஸ்மே தே பைவா செய்த கொள்ளைகளையும், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் விழுந்த உயிர்களையும் குறிப்பிட்டு, அந்த மனச்சுமையை இறக்கவைக்கச் சொல்லி மன்சிலாசுக்கு எழுதினார் சவேரியார். மனச்சாட்சி என்ற வாதம் ஆளுபவன் மேலும் பாய்ந்தது.

இதைச் சொல்லிவிட்டு, சமநிலை வந்துவிட்டது என்று திருப்திப்பட முடியாது. தளபதிக்குத் தாய்மொழியில் கேட்கும் குரு எங்கும் கிடைத்தார், சாராயம் குடித்ததற்காக அவரை யாரும் மூன்று நாள் அடைக்கவில்லை. பரதவப் பெண்ணுக்கு முதலில் சிறையும் பிறகுதான் கேள்வியும் கிடைத்தன. அதனால்தான் 1544-க்கும் 1580-க்கும் உள்ள வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. தண்டம் போடுகிறவருக்கு ஊர் பேச வேண்டிய அவசியமில்லை. கேள்வி கேட்கிறவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழிக்குக் கட்டுப்பட வேண்டும். கேட்டதை வெளியே சொன்னால் அவரே பெரும் குற்றவாளி. அதிகாரம் மறைந்தது என்று சொல்லவில்லை. அது செலவு மிகுந்ததாயிற்று. ஐரோப்பியப் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி 1977-இல் எழுதிய தாமஸ் டென்ட்லர், கட்டுப்பாடும் ஆறுதலும் அதில் ஒன்றாகவே வந்தன என்று காட்டினார். ஆறுதலை நம்பித்தான் மக்கள் கட்டுப்பாட்டைச் சகித்தார்கள். முத்துக்குளிப்பில் மூச்சடக்கி இறங்குகிறவன் ஒவ்வொரு முங்கலிலும் மேலே வராமல் போகக்கூடும். அவனுக்கு மன்னிப்பு என்பது தத்துவ விவாதம் அல்ல.

வேறொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. முத்துக்குளிப்போர் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். பாவசங்கீர்த்தனத்தில் பேசியது காற்றோடு போயிற்று, சட்டப்படி போகவும் வேண்டும். எஞ்சியது ஓர் அச்சுப் பிரதி. அப்படியிருக்க 'தாக்கம்' என்று எதை வைத்துப் பேசுவது? எழுத்தறியாமை முதலில் தோன்றும் அளவுக்குத் தடையல்ல. கணக்கப்பிள்ளை படிக்க ஊர் கேட்பது சவேரியார் காலத்திலேயே நிலைபெற்ற முறை. கையேடு காதால் படிக்கப்படும் நூல். மற்றதற்குச் சொற்கள் சாட்சி. அன்றீக்குவின் போர்த்துக்கேயச் சொல் நிலைக்கவில்லை. 1606-இல் மதுரையில் பணி தொடங்கிய சேசு சபைக் குரு தத்துவ போதகரோடு வடமொழிச் சொற்களின் அலை வந்தது, 'பாவசங்கீர்த்தனம்' நிலைத்தது. ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, அபராதம் தீர்த்தல் என்ற படிவரிசை ஞானோபதேசத்தில் ஏறி, பத்துக் கற்பனைகளின்படி கேள்விகளை அடுக்கும் பகுதியாகச் செபப் புத்தகங்களுக்குள் நுழைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 'ஒப்புரவு' என்ற சொல் வந்தது. பெயர் இரண்டு முறை மாறியும் கேள்விகளின் வரிசை மாறவில்லை என்றால், வேரூன்றியது எது என்பது தெளிவு.

உண்மையான சோதனை 1658-இல் வந்தது. தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். காதோடு பாவம் கேட்கும் வழக்கத்தையே மறுத்த சீர்திருத்த சபையின் போதகர்கள் வந்தார்கள். பால்தேயுசு போன்றவர்கள் முயன்றும் பரதவர் அசையவில்லை. கையேடு வெறும் காலனியக் கட்டளையாக இருந்திருந்தால், கட்டளையிட்ட கொடி இறங்கிய அன்றே அதுவும் இறங்கியிருக்க வேண்டும். சாதித் தலைமையின் உறுதியால்தான் மதம் நிலைத்தது, பாவசங்கீர்த்தனத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். தலைமையின் பங்கு பெரியது, ஐயமில்லை. ஆனால் தலைமை ஊரைக் கோயிலோடு கட்டி வைக்குமே ஒழிய, பாவத்தை மன்னிக்க அதனால் முடியாது. அதற்குக் குரு வேண்டும். கடலுக்கு அக்கரையிலும் இதே பசி இருந்தது: 1687-இல் ஒல்லாந்தரின் யாழ்ப்பாணத்துக்குக் கூலியாள் வேடத்தில் போன யோசேப்பு வாஸ் அடிகளார், இரவுகளில் மறைந்து மறைந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஜப்பானில் குருவே இல்லாத காலம் வந்தபோது, 1603-ஆம் ஆண்டு தேதியிட்ட மனஸ்தாபக் கையேடு ஒன்றைப் படியெடுத்தும் ஒப்பித்தும் இருநூற்றைம்பது ஆண்டு ஓட்டினார்கள் மறைந்து வாழ்ந்த கிறித்தவர்கள். நமது கரை அந்த அளவுக்குச் சோதிக்கப்படவில்லை. உள்நாட்டு மறைப்பணித் தளங்களிலிருந்து குருக்கள் வந்துபோனார்கள்.

கையேடு தோற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். அங்கேதான் அதன் எல்லை தெரிகிறது. ஐரோப்பிய அட்டவணைப்படி மாமன் மகள் இரண்டாம் படி இரத்த உறவு. அவளை மணப்பது தடை. தமிழ் உறவுமுறையில் அவள் முறைப்பெண், மணப்பதுதான் ஒழுங்கு; மணக்க மறுத்தால்தான் பஞ்சாயத்து. கேள்விக்கும் பதிலுக்கும் பொதுநிலமே இல்லை. விதிவிலக்கு வாங்கி வாங்கித்தான் மறைப்பணி இந்தச் சிக்கலைக் கடந்தது. கடைசியில் உறவுமுறை வளையவில்லை, சட்டம்தான் வளைந்தது.

இதைவிடக் கூர்மையான சான்று கடலுக்குள் இருக்கிறது. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு முத்துச் சலாபத்தில் 'கடல்கட்டி' என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போனதைச் சொல்கிறார். மந்திரம், சகுனம், குறி ஆகியவை முதல் கற்பனைக்கு எதிரான பாவங்கள்; இந்த நூல்வகையில் குரு முதலில் கேட்பதே அவற்றைத்தான். இலங்கையைப் பற்றி 1859-இல் எழுதிய எமர்சன் டெனன்ட், முத்துக்குளிப்பு தொடங்குவதற்கு முன் கடல்கட்டியின் சடங்கு தவறாது நடந்ததைக் குறிப்பிட்டு, அந்தப் பரம்பரையின் அன்றைய தலைவர் ரோமன் கத்தோலிக்கர் என்பதையும் போகிறபோக்கில் சொல்கிறார். மந்திரத்தின் வலிமை ஓதுபவரின் மதத்தைப் பொறுத்ததல்ல என்று குளிப்பவர்கள் நம்பினார்களாம். மூன்று நூற்றாண்டுக் கேள்விகளுக்குப் பிறகும் இது அறிக்கையிட வேண்டிய குற்றமாக யாருக்கும் படவில்லை. அது தொழில், கல்லும் கயிறும் போல ஒரு தளவாடம். அறிக்கையிடுபவன் தானே பாவமென்று கருதாததைக் கையேட்டால் வெளியே இழுக்க முடிவதில்லை. அதே குளிப்பாளி, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனதை மட்டும் தவறாமல் சொல்லியிருப்பான்.